வால்வு இருந்தது

நவம்பர் 4

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே நானும் குட்டியும் நலம். உன் முழங்கால் வீக்கம் வடிந்ததா? மாத்திரையை விழுங்குகிறாயா, இல்லை நர்ஸம்மா பார்க்கும்போது வாயில் போட்டுக்கொண்டு அவள் திரும்பியதும் துப்புகிறாயா?

வண்டி விஷயமாகத்தான் எழுதுகிறேன். கோடையில் நீ கொடுத்தபோது இந்த மலை முழுக்க ஏறியும் அது கொதிக்கவே இல்லை. "அண்ணன் கை பட்ட வண்டின்னா சும்மாவா" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். குளிர் பிடித்ததும் கோளாறு வந்துவிட்டது. காலையில் கிளப்பினால் இன்ஜின் சூடேற மாட்டேன் என்கிறது. பள்ளிக்கூட டீச்சர்களை ஏற்றிக்கொண்டு பாதி மலை ஏறிய பிறகுதான் சூடு காட்டும் ஊசி சோம்பல் முறித்து எழுந்திருக்கிறது. இறக்கம் வந்தால் மறுபடி படுத்துக்கொள்கிறது. ஹீட்டரில் காற்று வருகிறது, சூடு இல்லை. "இது ஹீட்டரா ஃபேனா?" என்று கேட்கிறாள் கணக்கு டீச்சர். முன்கண்ணாடியில் ஆவி படிந்து, ஒரு கையால் துடைத்துக்கொண்டே ஓட்டுகிறேன். பெட்ரோலும் கூடக் குடிக்கிறது.

இன்னொன்றும் உண்டு. மழைக்காலத்தில் ஹோஸ் மாற்றிக் கொடுத்த மெக்கானிக், இங்கே எல்லோரும் ஒல்லி என்று கூப்பிடுகிற ஆள், குட்டியைப் பெண் கேட்டு வந்தான். அப்பா அம்மா இல்லை. வேலையில் சுத்தம். குட்டிக்கு இஷ்டம்தான், கேட்காமலே முகம் சொல்கிறது. "எங்கண்ணனைக் கேட்டுத்தான் எதுவும்" என்று சொல்லி வைத்திருக்கிறேன். அவள் அப்பாதான் இல்லை, அவளும் போய்விட்டால் இந்த வீட்டில் நானும் சுவரும்தான் பேசிக்கொள்ள வேண்டும். அது கிடக்கட்டும். வண்டிக்கு வழி சொல்லு.

உன் தங்கை


நவம்பர் 12

தங்கச்சிக்கு அண்ணன் சொல்ல எழுதுவது.

நீங்கள் இருவரும் சுகம் என்று கேட்டதில் வயிறு நிறைந்தது. இங்கே நானும் முழங்காலும் ஒருவரை ஒருவர் பொறுத்துக்கொண்டு போகிறோம். எனக்கு எழுத்து கைவராது என்பது தெரிந்ததுதான். கீழ் வீட்டு நர்ஸம்மா ஆஸ்பத்திரி அலுப்போடு உட்கார்ந்து எழுதுகிறாள். மாத்திரை பற்றிய உன் வரியை மட்டும் இரண்டு தரம் படித்துக் காட்டினாள்.

அந்த வண்டியில் எந்த நட்டை எப்போது கழற்றினேன் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். பின்பக்க இடது கதவுக்குக் கைப்பிடி மாற்றியது, நீ வீட்டுக்காரரோடு சண்டை போட்டுக்கொண்டு பெட்டியோடு என் வாசலில் வந்து நின்ற வாரம். மூன்றாம் நாள் அவர் வந்து கூப்பிட, அந்த வண்டியில்தான் உங்கள் இருவரையும் திரும்பக் கொண்டுபோய் விட்டேன்.

நான் சொல்கிறபடி பார். இன்ஜின் ஜில்லென்று இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து தண்ணீர் மட்டம் பார். சூட்டில் திறந்தால் முகம் வெந்துவிடும். தண்ணீர் குறைந்தாலும் ஹீட்டருக்குச் சூடு போகாது. மட்டம் சரியாக இருந்தால் மூடிவிட்டுக் கிளப்பு. இன்ஜினிலிருந்து ரேடியேட்டருக்கு மேலே ஒரு தடித்த ரப்பர் ஹோஸ் போகும், அதில் கையை வை. ஃபேனிடம் கை போகாமல் பார்த்துக்கொள். சரியான வண்டியில் அந்த ஹோஸ் வெகுநேரம் ஜில்லென்றே இருந்து, பிறகு ஒரேயடியாகச் சுடும். உள்ளே ஒரு வால்வு இருக்கிறது. இன்ஜின் சூடாகும் வரை தண்ணீரை ரேடியேட்டர் பக்கம் விடாமல் கதவைச் சாத்திவைப்பதுதான் அதன் வேலை. ஹோஸ் ஆரம்பத்திலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக வெதுவெதுத்தால், கதவு திறந்தே கிடக்கிறது என்று அர்த்தம்.

அப்படி இருந்தால் புது வால்வு ஒன்று வாங்கிப் போடச் சொல். ஏன் எப்படி என்று யாரையும் குடைய வேண்டாம். பழைய வண்டி, தேய்மானம் இருக்கும். அதுவரை ரேடியேட்டர் முன்னால் பாதிக்கு ஓர் அட்டையைக் கட்டி ஓட்டு, ஏற்றத்தில் ஊசி மேல் ஒரு கண் இருக்கட்டும்.

மாப்பிள்ளை விஷயம் நல்ல விஷயம்தான். குட்டிக்குப் பிடித்திருந்தால் எனக்கும் பிடித்த மாதிரி.

அண்ணன்


நவம்பர் 23

அண்ணாவுக்கு,

உன் பதில் கண்டு தெம்பாக இருந்தது. நாங்கள் சுகம். குட்டிக்கு லேசாக இருமல், நாளைக்குச் சரியாகிவிடும்.

நீ சொன்னபடியே பார்த்தேன். தண்ணீர் மட்டம் சரி. ஹோஸ் கிளப்பியதிலிருந்தே வெதுவெதுத்தது. ஒல்லியைக் கூப்பிட்டேன். டீச்சர்கள் நின்று பார்க்க, அவன் வால்வு இருக்கும் இடத்து இரும்பு மூடியைக் கழற்றி உள்ளே எட்டிப் பார்த்தான்.

"அம்மா, இதுல வால்வே இல்ல."

"இல்லன்னா? உடைஞ்சிடுச்சா?"

"உடைஞ்சா துண்டாவது கிடக்கும். யாரோ எடுத்துட்டு மூடியிருக்காங்க. பாருங்க, மூடிக்கு அடியில தண்ணி கசியாம வைக்கிற அட்டைகூட கையால வெட்டினது."

கணக்கு டீச்சர் சும்மா இருப்பாளா? "மழைக்காலத்துல ஹோஸ் மாத்தினது நீதானப்பா? அப்ப இது கண்ணுல படலையா?" என்றாள்.

"ஹோஸ் மாத்த இந்த மூடியைத் திறக்க வேண்டியதில்ல டீச்சர்."

"இந்த மாடலுக்கு பார்ட்ஸ் கிடைக்காதுன்னு நீதானே சொல்வே. வேற வண்டிக்கு ஆச்சோ என்னவோ."

அவன் முகம் சிறுத்துவிட்டது. நான்தான் நடுவில் புகுந்தேன். "எங்கண்ணன்கிட்ட கேட்டுட்டா போச்சு. அவர் ஞாபகத்துல தப்பே வராது." அவனும் உடனே, "கேளுங்கம்மா. அவர் என்ன சொன்னாலும் நான் கட்டுப்படறேன்" என்றான். புது வால்வுக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறான், வர நாளாகுமாம்.

அதனால் ஒரே ஒரு கேள்வி. நீ வண்டியைக் கொடுத்தபோது உள்ளே வால்வு இருந்ததா, இல்லையா?

தங்கை


டிசம்பர் 10

தங்கச்சிக்கு,

பதில் தாமதமாகிவிட்டது. நர்ஸம்மாவுக்கு ராத்திரி டியூட்டி. அது முடிந்ததும் எனக்குச் சளி. குட்டியின் இருமலுக்கு வெந்நீர் கொடு.

வால்வு இருந்தது.

இங்கே இந்த வருஷம் வெயில் போகவே இல்லை. தெருவில் தார் இன்னும் ஒட்டுகிறது. மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறேன்.

அண்ணன்


டிசம்பர் 17

அண்ணாவுக்கு,

உன் சளி குறைந்ததா? மார்பில் இறங்காமல் பார்த்துக்கொள்.

உன் கடிதம் வந்த அன்று சாயங்காலம் ஒல்லி வந்தான். வாசற்படியிலேயே நிறுத்தினேன்.

"என் பொண்ணைக் கேட்டு வந்த வீட்டுலயே கை வெச்சியா?"

"உங்க அண்ணன் அப்படியா எழுதியிருக்கார்?"

"வால்வு இருந்ததுன்னு எழுதியிருக்கார்."

"சளி, காய்ச்சல் எதுலயாவது மறந்து…"

"அவரா? நான் எந்தக் கிழமை பொறந்தேன்னு எங்கம்மாவே மறந்துட்டா, அவர் சொல்வார்."

"அப்ப சரிம்மா" என்று சொல்லிவிட்டு, கொண்டுவந்த பையைக்கூடக் கீழே வைக்காமல் போய்விட்டான். கல்யாணப் பேச்சு அதோடு முடிந்தது. புது வால்வும் அவன் கையால் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். குட்டி என்னோடு பேசுவதில்லை. தட்டை வைத்தால் சாப்பிடுகிறாள், எடுத்துக் கழுவுகிறாள், அவ்வளவுதான்.

நேற்று கண்ணாடி ஆவியில் திருப்பம் தெரியாமல் பாலத்துச் சுவரில் உரசிவிட்டேன். முன் மட்கார்டு நசுங்கியது. பாட்டு டீச்சருக்கு நெற்றியில் புடைப்பு. பெரிதாக ஒன்றுமில்லை.

தங்கை


டிசம்பர் 29

தங்கச்சிக்கு,

உனக்கும் பாட்டு டீச்சருக்கும் பெரிய அடி இல்லை என்று நர்ஸம்மா இரண்டாம் தரம் படித்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. என் உடம்பைப் பற்றிக் கேட்காதே, அது கிடக்கிறது.

முன்கண்ணாடியின் உட்பக்கத்தில் சோப்பை லேசாகத் தடவிக் காய்ந்த துணியால் துடை, ஆவி குறையும். பக்கக் கண்ணாடியை ஒரு விரல் அளவு இறக்கிவிட்டு ஓட்டு. மூடுபனி என்றால் ஓட்டாதே, டீச்சர்கள் திட்டினால் திட்டட்டும். யாரையாவது வைத்து அந்த வால்வைப் போட்டுவிடு. ஒல்லியே போட்டாலும் என்ன?

கல்யாணப் பேச்சையும் வண்டிப் பேச்சையும் ஏன் ஒரே முடிச்சாகப் போட்டாய்? ஓர் உருண்டை இரும்புக்காக ஒருத்தனை அப்படி வாசலோடு அனுப்பலாமா? அவன் என்ன சொன்னான் என்று இன்னொரு தரம் கேட்டிருக்கலாம். நான் கிழவன். என் பேச்சை இவ்வளவு பெரிதாக எடுத்துக்கொண்டு

(இத்துடன் நிறுத்தச் சொல்லிவிட்டார். சொல்லச் சொல்லத்தான் எழுதுகிறேன், சொல்லாததை எழுத எனக்கு உரிமை இல்லை. - எழுதுகிறவள்)


ஜனவரி 6

மாமாவுக்குக் குட்டி எழுதுவது.

நலமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். என் இருமல் போய்விட்டது. இதை அம்மாவுக்குத் தெரியாமல், மருந்துக்கடையில் வேலை நடுவே உட்கார்ந்து எழுதுகிறேன். முதலாளி கணக்கு எழுதுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

அவர் இந்த ஊரை விட்டுப் போகிறார். மலைக்குக் கீழே ஒரு லாரிப் பட்டறையில் வேலை கிடைத்திருக்கிறது. இங்கே யாரும் வண்டியை அவரிடம் விடுவதில்லை. கணக்கு டீச்சர் அவ்வளவு நன்றாகக் கதையைப் பரப்பிவிட்டாள். போன வாரம் ஒருவர் வண்டியை விட்டுவிட்டு, வேலை முடியும்வரை பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாராம். அதைச் சொல்லும்போது அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவருக்கு உங்கள் மேல் கோபம் இல்லை. "எவ்வளவு வண்டி பார்த்தவர், மறந்திருப்பார்" என்கிறார். "எங்க மாமா எதையும் மறக்க மாட்டார்" என்று நான்தான் சண்டை போட்டேன். வீட்டுக்கு வந்து படுத்த பிறகுதான் நான் சொன்னதன் அர்த்தம் எனக்கே உறைத்தது.

அவர் எடுக்கவில்லை. நீங்களும் மறக்கவில்லை. மிச்சம் என்ன மாமா?

இன்னும் பத்து நாளில் அவர் போய்விடுவார்.

குட்டி


ஜனவரி 12

குட்டிக்கு மாமா சொல்ல எழுதுவது.

உன் இருமல் போனது சந்தோஷம். இதை நீ படித்துவிட்டு உன் அம்மாவுக்கும் படித்துக் காட்டு. பிறகு அவனுக்கு. கணக்கு டீச்சருக்கும் காட்டினால் நல்லது, அவள் எனக்காக ஊர் முழுக்கச் சொல்லிவிடுவாள்.

வால்வு இல்லை. நான்தான் எடுத்தேன்.

இந்த வெயில் ஊரில் அந்த வால்வு ஒரு தொல்லை. ஒட்டிக்கொண்டால் தண்ணீர் ஓடாது, இன்ஜின் கொதிக்கும், அதன் மேலே இருக்கிற ஹெட் வெடிக்கும். அதனால் என் ஷெட்டுக்கு வருகிற வண்டிகளில் முதல் வேலையாக அதைக் கழற்றிவிடுவேன். இங்கே எல்லா மெக்கானிக்கும் அப்படித்தான். என் சொந்த வண்டியில் மட்டும் விட்டு வைத்திருந்தேன், அதை நான்தான் ஓட்டினேன், ஊசியைப் பார்த்துக்கொள்ளத் தெரியும். உன் அம்மாவுக்குக் கொடுப்பது என்று முடிவானதும் ஷட்டரை இறக்கிவிட்டுக் கழற்றினேன். தனியாக மலை ஏறுகிறாளே, வழியில் கொதித்து நின்றால் யார் இருக்கிறார்கள் என்ற எண்ணம். பிஸ்கட் டப்பா அட்டையை நானே வெட்டி வைத்து மூடினேன். அவள் போகிற ஊர் குளிர் ஊர் என்று தெரியும். குளிருக்குக் கம்பளி வாங்கிக் கொடுத்தேன். வண்டிக்கும் குளிரும் என்று மட்டும் இந்த மண்டையில் உதிக்கவே இல்லை.

அது தெரியாமல் செய்தது. அதோடு நின்றிருந்தால் நான் இப்படித் தூக்கம் கெட்டுக் கிடக்க மாட்டேன்.

உன் அம்மாவின் முதல் கடிதத்தைக் கேட்ட உடனேயே எனக்குத் தெரியும். ஹோஸைத் தொட்டுப் பார் என்று அவளை அலைக்கழித்தது, தானாகவே தெரிந்த மாதிரி இருக்கட்டும் என்றுதான். யாரையும் குடையாதே என்று சொல்லிப் பார்த்தேன். ஆனால் அவன் திறந்துவிட்டான். திறந்து, "யாரோ எடுத்திருக்காங்க" என்று டீச்சர்கள் நடுவில் சொன்னான். என் வேலையை ஒருத்தன் திறந்து பார்த்துக் குறை சொன்னது இதுவரை நடந்ததில்லை. எனக்குச் சுருக்கென்றது. அந்தக் கேள்வி வந்தபோது நர்ஸம்மா பேனாவைப் பிடித்துக்கொண்டு, "இருந்துச்சா?" என்று கேட்டாள். "எழுதும்மா, இருந்தது" என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

ஒரு சொல்தானே, வால்வைப் போட்டதும் எல்லோரும் மறந்துவிடுவார்கள் என்று நினைத்தேன். நான் எதையும் மறக்காதவன், மற்றவர்கள் மறப்பார்கள் என்று கணக்குப் போட்டேன். அதற்குள் அவன் திருடன் ஆனான், உன் கல்யாணப் பேச்சு நின்றது, உன் அம்மா சுவரில் மோதினாள். அதற்குப் பிறகும் போன கடிதத்தில் சோப்பைத் தடவச் சொன்னேனே தவிர இதைச் சொல்லவில்லை.

"அவர் என்ன சொன்னாலும் கட்டுப்படறேன்" என்றானாம். அதை நினைத்தால்தான் சோறு இறங்க மறுக்கிறது.

அவனைப் போகவிடாதே என்று சொல்ல எனக்கு வாய் இல்லை. உண்மை இது என்று மட்டும் சொல்லு.

மாமா


ஜனவரி 21

அண்ணாவுக்கு,

நீ மாத்திரையை விடாமல் சாப்பிடு. முதலில் அது.

குட்டி உன் கடிதத்தை எனக்குப் படித்துக் காட்டினாள். கேட்டுவிட்டு நான் அழுதேன். உனக்காக அழுகிறேன் என்று அவள் நினைத்துத் தண்ணீர் கொண்டுவந்தாள்.

என் கல்யாணத்துக்கு முன்னால் உன் ஷெட்டுக்கு மதியச் சாப்பாடு தூக்கிக்கொண்டு வந்தது யார்? மேஜை டிராயர் நிறைய நீ கழற்றிப் போட்ட வால்வுகள் கிடக்கும். நீ சாப்பிடும்வரை அவற்றை அடுக்கி வைத்து எண்ணிக்கொண்டிருப்பேன். ஒல்லி எட்டிப் பார்த்து "வால்வே இல்ல" என்று சொன்னானே, அந்த நொடியே எனக்கு டிராயர் கண்ணில் வந்துவிட்டது. ஞாபகம் உனக்கு மட்டும்தான் என்று எல்லோரும் நினைக்கிறார்கள்.

தெரிந்துகொண்டுதான் உன்னைக் கேட்டேன். "நான்தான் எடுத்தேன்" என்று நீ எழுதியிருந்தால் கல்யாணம் நடந்திருக்கும். "இருந்தது" என்று வந்தது. பொய் என்று தெரிந்தும் அதைக் கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு நிம்மதியாக மூச்சு விட்டேன் தெரியுமா? சாயங்காலம் விளக்குப் போட ஆள் இருக்கும் என்று. அவனை வாசலில் நிறுத்தி நான் கேட்ட கேள்விகள் எல்லாம் பதில் தெரிந்தே கேட்டவை.

குட்டி உன் கடிதத்தைப் பையில் போட்டுக்கொண்டு காலை பஸ்ஸில் அவனைத் தேடிக் கீழே போயிருக்கிறாள். வீடு காலியாக இருக்கிற தைரியத்தில் இதை எழுதுகிறேன். அவளிடம் இதைச் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். நீயும் சொல்லாதே. எனக்கு அவள் ஒருத்திதான்.

தங்கை


பிப்ரவரி 8

மாமாவுக்கு,

நீங்களும் நர்ஸம்மாவும் சௌக்கியமா? இங்கே எல்லோரும் சௌக்கியம்.

நான் போனபோது அவர் ஒரு லாரிக்கு அடியில் படுத்திருந்தார். "வெளிய வாங்க, மாமா எழுதியிருக்கார்" என்றேன். "கை எல்லாம் கிரீஸ், அங்க நின்னே படி" என்றார். படித்தேன். ஸ்பேனர் சத்தம் நின்றது. முடித்த பிறகும் வெகுநேரம் வெளியே வரவில்லை. இரண்டு கால்கள் மட்டும் தெரிந்தன.

பிறகு வந்து கையைத் துடைத்துக்கொண்டு, "வால்வு வந்து பொட்டலத்துலயே கிடக்கு. வண்டியைக் கொண்டு வரச் சொல்லு" என்றார். அம்மாவே ஓட்டிக்கொண்டு போனாள். போட்டுக் கொடுத்தார். இப்போது தெரு முனை தாண்டுவதற்குள் ஊசி எழுந்துவிடுகிறது. ஏற்றம், இறக்கம் எதிலும் நடுவிலிருந்து அசைவதில்லை. ஹீட்டர் சூட்டில் கணக்கு டீச்சர் சால்வையைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்கிறாள். அவரிடம் மன்னிப்புக் கேட்டாளா என்றால், இல்லை. தன் ஸ்கூட்டரைப் பார்க்கக் கொண்டுபோனாள், அவ்வளவுதான்.

அவர் வீட்டுக்கு வந்தபோது அம்மா "தப்பா பேசிட்டேன்" என்றாள். "நீங்க என்ன பண்ணுவீங்கம்மா, உங்களுக்கு வந்த சேதி அப்படி" என்றார். அம்மா தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விட்டாள்.

அடுத்த மாதம் முதல் திங்கட்கிழமை பதிவு ஆபீசில் கல்யாணம். சாட்சிக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பட்டறை முதலாளி. இன்னொருவர் "உங்க மாமாதான்" என்று அவர் சொல்லிவிட்டார்.

"அவருக்குக் கையெழுத்து வராதே" என்றாள் அம்மா.

"கைநாட்டு போதும். அவர் சொன்னாத்தான் எல்லாரும் நம்பறாங்களே."

கேலியா, நிஜமா என்று எனக்கே தெரியவில்லை மாமா. சிரிக்காமல்தான் சொன்னார். வருவீர்களா?

குட்டி


பிப்ரவரி 15

குட்டிக்கு மாமாவின் ஆசிகள்.

வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸுக்கு நர்ஸம்மா டிக்கெட் எடுத்துவிட்டாள். வழிக்கு வேண்டிய மாத்திரையைத் தனித்தனிக் காகிதத்தில் மடித்துத் தந்திருக்கிறாள்.

உன் அம்மாவிடம் அவள் கடிதம் கிடைத்தது என்று சொல். பதில் எழுத அதில் ஒன்றும் இல்லை, உடம்பு விசாரித்துத்தான் எழுதியிருந்தாள். கல்யாணத்துக்குப் பிறகு நான் கொஞ்ச நாள் அங்கேயே தங்கலாமா என்று கேட்டுப் பார். குளிர் எனக்குப் பழகிவிடும். சாயங்காலம் விளக்குப் போட எனக்குத் தெரியும்.

அவன் கேலியாகச் சொன்னானா, நிஜமாகச் சொன்னானா என்று நானும் இரண்டு ராத்திரி யோசித்தேன். எப்படிச் சொல்லியிருந்தாலும் நான் வந்து நிற்க வேண்டியவன்தான். என்னை மன்னித்தானா என்று நீ எழுதவில்லை, அது நல்லது. அதை உன் வாயிலிருந்து கேட்பது முறையில்லை.

ஆபீசுக்குப் போகும் முன்னால் அவனோடு தனியாக நிற்க எனக்குக் கொஞ்ச நேரம் வேண்டும். லாரிக்கு அடியில் படுத்திருந்தாலும் பரவாயில்லை, கால் தெரிந்தால் போதும். என்ன சொல்வது என்று இங்கே நர்ஸம்மாவிடம் நாலு விதமாகச் சொல்லிப் பார்த்தேன். எல்லாவற்றையும் அழகாக எழுதிப் படித்துக் காட்டினாள். நாலையும் கிழிக்கச் சொல்லிவிட்டேன். அவளை அங்கே கூட்டிக்கொண்டு வர முடியாது. இதை நானே என் வாயால்தான் சொல்ல வேண்டும்.

மாமா